ஹைலேண்டர் நாயகனுக்கு முதலில் ஒரு கடன் வேண்டும்

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைநாட்டைக் களமாக வைத்து வரலாற்றுக் காதல் நாவல் எழுதப்போகிறேன், நாயகனை எப்படி உருவாக்குவது, அவனுக்கு ஏற்ற ஜோடியை எப்படி அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கைவசம் இருக்கும் குறிப்பையும் சேர்த்தே கொடுத்திருக்கிறீர்கள். ஆறரை அடி உயரம், தோளில் புரளும் முடி, கன்னத்தில் வாள் தழும்பு, ஒரு குலத்தின் தலைவன், கட்டம்போட்ட கில்ட், அதாவது இடுப்பில் பாவாடைபோல உடுத்தும் ஆண்கள் உடை. நாயகி இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் மகள். அவளை அவன் குதிரையில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்துவிடுகிறான். காலம், "பதினான்காம் நூற்றாண்டு போல."

தழும்பும் முடியும் இருக்கட்டும். அவற்றால் கதை கெட்டுப்போகாது. அந்தப் "போல"தான் கெடுக்கும்.

நானும் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவன்தான். என் முதல் கதை 1314இல், பானக்பர்ன் போர் நடந்த ஆண்டில் தொடங்கியது. நாயகனுக்குச் சிவப்பும் பச்சையுமாகக் கில்ட் உடுத்தி, அது அவன் குலத்துக்கே உரிய கட்டம் என்று இரண்டு பத்தி வர்ணித்திருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் ஒருவர் "ராஜராஜ சோழன் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வருகிறார்" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரி. நான்கைந்து கஜக் கம்பளியை இடுப்பில் கொசுவி, பெல்ட் போட்டு, மிச்சத்தைத் தோளில் தூக்கிப் போடும் பெரிய கில்ட் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில்தான் எழுத்துப் பதிவுகளில் தென்படுகிறது. இடுப்புக்குக் கீழே மட்டும் உடுத்தும் இன்றைய சின்னக் கில்ட் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சரக்கு. "இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம்" என்ற ஒழுங்கு அதற்கும் பிந்தியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த வரவேற்புத் திருவிழாவுக்குப் பிறகுதான் அது சூடுபிடித்தது. 1314இல் உங்கள் நாயகன் உடுத்தியிருப்பது முழங்கால்வரை வரும் லினன் சட்டை, மேலே ஒரு கம்பளிப் போர்வை. போருக்குப் போனால் திணித்துத் தைத்த கனத்த அங்கி. அழகான உடைதான், ஆனால் அட்டைப்படக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

உடை சின்ன விஷயம், திருத்திவிடலாம். ஆண்டை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. அவன் யாருக்கு என்ன கடன்பட்டவன் என்பதை ஆண்டுதான் சொல்லும்.

கடன் என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். வட்டியோடு திருப்பிக் கொடுப்பதும் நமக்குக் கடன். "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்று புறநானூற்றுத் தாய் சொல்வதும் கடன். ஹைலேண்டர் ஒருவனின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு பொருளும் ஒன்றாய்க் கலந்த கடன்தான். குலத்தைக் குறிக்கும் கிளான் என்ற சொல்லுக்கே மலைநாட்டாரின் கேலிக் மொழியில் பிள்ளைகள் என்று பொருள். தலைவன் தகப்பன் இடத்தில் இருக்கிறான். நிலம் சட்டப்படி அவனுடையது. ஆனால் தலைமுறை தலைமுறையாக உழுது மேய்த்தவர்களுக்கு அந்த மண்ணில் இருக்க உரிமை உண்டு என்று மக்கள் நம்பினார்கள். தூக்கஸ் என்று அதற்குப் பெயர். அந்த உரிமை எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. பஞ்சத்தில் அவன் சோறு போட வேண்டும். போர் வந்தால் அவர்கள் வாளோடு வர வேண்டும். இப்படிப்பட்டவன் காதலிக்கிறான் என்றால் அவனுக்கு எதிரே நிற்பது ஒரு வில்லன் அல்ல, முந்நூறு குடும்பங்கள். தலைவனின் கல்யாணம் என்பது பக்கத்துக் குலத்தோடு எழுதும் உடன்படிக்கை. அதை அவன் மனம்போனபடி முறித்தால் அடுத்த வாரம் எவன் வீட்டு மாடோ காணாமல் போகும்.

ஆகவே என் முதல் யோசனை: நாயகனைத் தலைவனாக வைக்காதீர்கள். எல்லோரும் தலைவனையே வைக்கிறார்கள். அதனால் எல்லாத் தலைவர்களும் ஒரே ஆளாகத் தெரிகிறார்கள். தலைவனுக்குக் கீழே டாக்ஸ்மன் என்று ஒரு தட்டு இருந்தது. பெரும்பாலும் தலைவனுக்குப் பங்காளி முறை. தலைவனிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சிறு குடியானவர்களுக்கு உள்குத்தகை விடுவான். போர் என்றால் அவர்களை அணிதிரட்டி அழைத்துப்போவதும் அவனே. லத்தீன் படித்திருப்பான், பிரெஞ்சும் தெரிந்திருக்கலாம், ஆனால் மழையில் மாட்டுக்குப் பின்னால் நடப்பவன். மேலே இருப்பவன் வாடகையை உயர்த்துகிறான். கீழே இருப்பவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் இழுபடும் அந்த மனிதன் ஒரு வாக்கியம் பேசினாலே கதை நகரும். 1746இல் கல்லோடன் போரில் ஹைலேண்டர்களின் கிளர்ச்சி தோற்ற பிறகு இந்தத் தட்டு மெல்ல நசுங்கியது. 1770களில் பல டாக்ஸ்மன்கள் தங்கள் குடியானவர்களையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

இன்னொரு கடன், நாவலாசிரியர்கள் அதிகம் தொடாதது: வளர்ப்புறவு. வசதியான வீட்டுப் பிள்ளையைச் சிறு வயதிலேயே குலத்தின் வேறொரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுப்பார்கள். அங்கே ஒரே பாலைக் குடித்து வளர்ந்த வளர்ப்புச் சகோதரன் சாகும்வரை கூட வருவான். "உறவு இருபது வரை, வளர்ப்புறவு நூறு வரை" என்ற பொருளில் கேலிக்கில் ஒரு பழமொழியே உண்டு. உங்கள் நாயகனுக்கு நெருங்கிய நண்பன் ஒருவன் வேண்டும் அல்லவா? நண்பன் வேண்டாம், வளர்ப்புச் சகோதரன் வையுங்கள். அவனுக்கு ஒரு தங்கை இருக்கட்டும். இதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

கடன் எதில் எண்ணப்பட்டது என்றால் மாட்டில். வாடகை மாடு, சீர் மாடு, அபராதம் மாடு. ஸ்கை தீவுக்காரரான மார்ட்டின் மார்ட்டின் 1703இல் வெளியிட்ட தீவுகள் பற்றிய நூலில் ஒரு பழைய வழக்கத்தைச் சொல்கிறார். இளந்தலைவன் பதவிக்கு வருமுன் தன் வீரத்தைக் காட்ட வேண்டும். ஊர் இளைஞர்களோடு போய்ப் பகைவர் நிலத்தில் கண்ணில்பட்ட மாடுகளை ஓட்டிவர வேண்டும், இல்லாவிட்டால் அந்த முயற்சியில் சாக வேண்டும். அதை யாரும் திருட்டாகக் கருதவில்லை, இன்று நீ, நாளை நான். வெட்சியும் கரந்தையும் படித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்கு மட்டும் கிடைக்கும் இன்னொன்றும் இருக்கிறது. கேலிக் காதலர்கள் கொஞ்சலாகச் சொல்வது "மேதல்". என் செல்வமே என்று பொருள். அந்தச் சொல்லின் அடியில் இருப்பது மாட்டு மந்தை. "மாடல்ல மற்றை யவை" என்று குறளில் மாட்டைச் செல்வம் என்ற பொருளில் படித்தவர்களுக்கு, ஒருவன் காதலியை மந்தையே என்று அழைப்பது சிரிப்பாக இருக்காது. ஆங்கிலத்தில் எழுதுபவர் இதற்கு ஒரு பத்தி விளக்கம் எழுத வேண்டும்.

இனி நாயகி. உங்கள் குறிப்பில் அவளைப் பற்றி இருப்பது இரண்டு செய்தி: அவள் அப்பா யார் என்பதும், அவளைத் தூக்கி வருகிறார்கள் என்பதும். அவளிடம் என்ன இருக்கிறது, அவள் யாருக்குக் கடன்பட்டவள், அதைச் சொல்லவில்லை. ஹைலேண்ட்ஸ் பெண் வெறுங்கையோடு இருந்தவள் அல்ல. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் பிறந்த குலத்தின் பெயரையே வைத்திருந்தாள். ஆணுக்கு "மாக்", அதாவது மகன். பெண்ணுக்கு "நிக்", மகள். மெக்டொனால்ட் வீட்டுப் பெண் கேம்பல் வீட்டுக்கு மருமகளாகப் போய்ப் பேரன் பேத்தி எடுத்தாலும் மெக்டொனால்ட்தான். அவள் கொண்டுவரும் சீதனத்துக்கு டாக்கர் என்று பெயர். அதில் பசு எத்தனை, பணம் எவ்வளவு என்று எழுதி வைப்பார்கள். அவளுடைய கணவன் வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் பகை மூண்டால் அவள் எந்தப் பக்கம்? இந்தக் கேள்வி ஒன்றே ஒரு நாவலைத் தாங்கும்.

கிளென்கோவைப் பாருங்கள். 1692 பிப்ரவரி. கிளென்லையனைச் சேர்ந்த ராபர்ட் கேம்பல் தன் படைவீரர்களோடு கிளென்கோ மெக்டொனால்ட்கள் வீட்டில் ஏறக்குறைய பன்னிரண்டு நாள் விருந்தாளியாகத் தங்குகிறார். ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், சீட்டாடுகிறார்கள். 13ஆம் தேதி விடியுமுன் உத்தரவு வந்தபடி விருந்து கொடுத்தவர்களை வெட்டுகிறார்கள். கொல்லப்பட்டவர்கள் 38 பேர் என்பது வழக்கமான கணக்கு. பனியில் ஓடி விறைத்துச் செத்தவர்கள் தனி. இதில் பலரும் கவனிக்காதது: கிளென்கோ தலைவரின் இளைய மகனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தவள் அந்த ராபர்ட் கேம்பலின் நெருங்கிய உறவுப் பெண். அந்த நாட்களில் ராபர்ட் தினமும் காலையில் அவள் வீட்டுக்கு வந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறார். கணவன் தப்பித்தான். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் எப்படிப் பேசிக்கொண்டார்கள்? காதல் நாவல் கல்யாணத்தோடு முடியத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

இன்னும் மனதுக்கு இதமான ஜோடி வேண்டும் என்றால் 1745க்கு வாருங்கள். தன் குடும்பம் இழந்த பிரிட்டன் அரியணையை மீட்க வந்த இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் ஆகஸ்ட் 19 அன்று கிளென்ஃபினனில் கொடியேற்றுகிறார். மெக்கின்டாஷ் குலத் தலைவர் ஏனியாஸ் அரசாங்கப் படையில் கேப்டன். அவருடைய மனைவி ஆன், ஃபார்கர்சன் குலத்துப் பெண், இருபதுகளின் தொடக்கம். கணவர் அரசன் சம்பளத்தில் இருக்க, அவர் குலத்து ஆட்களையே திரட்டி இளவரசர் பக்கம் அனுப்பிவிட்டார் இந்த அம்மாள். 1746 பிப்ரவரியில் அரசாங்கப் படைத்தலைவர் லௌடன் பிரபு 1,500 பேரோடு இரவோடு இரவாக வந்து, மாய் என்ற இடத்தில் ஆனின் வீட்டில் தங்கியிருந்த இளவரசரைப் பிடிக்கப் பார்த்தார். ஒரு கொல்லரும் நான்கு ஆட்களும் இருட்டில் அங்கங்கே பதுங்கி, துப்பாக்கியைச் சுட்டு, ஒவ்வொரு குலத்தின் போர்க்கூச்சலையும் மாற்றி மாற்றிக் கத்தினார்கள். ஏதோ பெரும்படை என்று நினைத்து அந்தச் சேனை ஓடிப்போயிற்று. சில வாரங்களில் ஏனியாஸ் பிடிபட்டார். இளவரசர் அவரை யார் காவலில் வைத்தார் தெரியுமா? மனைவியின் காவலில். "வணக்கம், கேப்டன்" என்று இவர் சொல்ல, "வணக்கம், கர்னல்" என்று அவர் சொன்னதாகக் கதை. அதன் பிறகு கல்லோடனில் இளவரசர் தோற்றார், ஆன் சில வாரம் சிறையில் இருந்தார், வெளியே வந்தபின் கணவன் மனைவியாகவே வாழ்ந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. குடும்பத்தில் ஒருவரை அந்தப் பக்கமும் ஒருவரை இந்தப் பக்கமும் நிறுத்தி, யார் வென்றாலும் சொத்தைக் காப்பாற்றிக்கொள்வது அன்றைக்குத் தெரிந்த தந்திரம். இந்த இருவரும் பேசிவைத்துச் செய்தார்களா, உண்மையிலேயே முறைத்துக்கொண்டார்களா? கேப்டன், கர்னல் என்ற அந்த இரண்டு வணக்கத்தையும் கோபமாகவும் படிக்கலாம், கேலியாகவும் படிக்கலாம், அடக்க முடியாத ஆசையாகவும் படிக்கலாம். ஜோடிப் பொருத்தம் என்பது இதுதான்: இருவருக்கும் தனித்தனியாகக் கடன் இருக்க வேண்டும், இரண்டும் நியாயமாக இருக்க வேண்டும், ஒன்றைத் தீர்த்தால் மற்றது மூழ்க வேண்டும். அழகுக்கு அழகு, கோபத்துக்குக் கோபம் என்று பொருத்தம் பார்ப்பது ஜாதகக்காரர் வேலை.

கடத்தல் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வேண்டாம். ஹைலேண்ட்ஸில் பெண்ணைத் தூக்கிவந்து கல்யாணம் செய்த நிகழ்வுகள் உண்டு, ஆனால் அவை காதலுக்காக நடந்தவை அல்ல, சொத்துக்காக நடந்தவை. 1697இல் சைமன் ஃப்ரேசர், பின்னாளில் லோவட் பிரபு, முந்தைய பிரபுவின் விதவையைக் கட்டாயக் கல்யாணம் செய்தார். அவர் அலறுவது வெளியே கேட்காதபடி பேக்பைப் என்ற துருத்திக் குழலை வாசிக்கச் சொன்னதாகச் சொல்வார்கள். ராப் ராய் மெக்ரெகரின் மகன் ராபின் 1750இல் ஜீன் கீ என்ற இளம் விதவையை வீடு புகுந்து தூக்கிப்போனான். அவளுக்குக் கொஞ்சம் சொத்து இருந்தது. 1754இல் எடின்பரோவில் அவனைத் தூக்கிலிட்டார்கள். அன்றைய சட்டமே மன்னிக்காததை இன்றைய வாசகி ஏன் மன்னிக்க வேண்டும்? ஆங்கிலேயப் பெண்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அவளே நடந்து வரட்டும். இங்கிலாந்தில் 1754இலிருந்து, 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் லைசன்ஸ் பெற்றுக் கல்யாணம் செய்வது முடியாமல் போயிற்று. தேவாலயத்தில் முறைப்படி அறிவித்தாலும் பெற்றோர் எழுந்து மறுக்கலாம். எல்லை தாண்டினால் ஸ்காட்லாந்தில் இருவரும் "இவன் என் கணவன், இவள் என் மனைவி" என்று சொன்னாலே போதும்.

இதோடு ஒட்டி இன்னொன்று. கையைப் பிடித்துக் கயிறு கட்டி "ஒரு வருடமும் ஒரு நாளும்" சோதனைக் கல்யாணம் செய்வதாக இந்த வகை நாவல்களில் அடிக்கடி வரும். வரலாற்றாசிரியர்கள் பலர் அதை நம்புவதில்லை. அந்த வருடக் கணக்குக்குப் பெரும்பாலும் மரபுக் கதைகள்தான் ஆதாரம். அப்படிப்பட்ட கதைகளில் நல்லது ஒன்று ஸ்கை தீவில் இருக்கிறது. டோனல்ட் கோர்ம் என்ற மெக்டொனால்ட் தலைவன் மெக்லியோட் தலைவனின் சகோதரியை அப்படிச் சேர்த்துக்கொண்டான். வாரிசு பிறக்கவில்லை, இடையில் அவளுக்கு ஒரு கண்ணும் போயிற்று. தவணை முடிந்ததும் ஒற்றைக்கண் குதிரையில் ஏற்றி, ஒற்றைக்கண் வேலைக்காரன் பிடித்து நடக்க, பின்னால் ஒற்றைக்கண் நாயும் போக, அவளை அண்ணன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினான். அதில் மூண்ட சண்டை 1601இல் கூலின் மலையடியில் முடிந்தது. எல்லோரும் அந்தச் சண்டையைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் குதிரை மேல் இருந்தவளைப் பற்றி யாராவது எழுத மாட்டார்களா என்று இருக்கிறது. வழியில் எங்கேயோ ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டிருப்பாள். கொடுத்தவன் யார்?

உண்மையில் சட்டம் ஒப்புக்கொண்டது அந்த வாய்ச்சொல் கல்யாணத்தை. பாதிரியார் வேண்டாம், பதிவேடு வேண்டாம். இருவரின் சம்மதமே கல்யாணம். 1940 வரை ஸ்காட்லாந்தில் அது செல்லுபடியானது. சாட்சி வைப்பது நிரூபணத்துக்காக. சாட்சி இல்லாமல் ஒரு மேய்ச்சல் குடிசையில் சொன்ன சொல்லை விடிந்தபின் ஒருவர் மறுத்துவிடலாம் என்பதைக் கவனியுங்கள். ஒரு வருடத் தவணையைவிட இதில் நாடகம் அதிகம்.

மேய்ச்சல் குடிசை என்றேன். கோடையில் மாடுகளை மேல்மலைப் புல்வெளிக்கு ஓட்டிப்போவார்கள். ஆரி என்று பெயர். பெண்களும் சிறுவர்களும் அங்கேயே தங்கி வெண்ணெய் கடைவார்கள், பாலாடைக்கட்டி செய்வார்கள். பெரியவர்கள் கீழே. கேலிக் காதல் பாட்டுகளில் பாதி அங்கேதான் நடக்கிறது. ஜூனில் அந்த வடக்கில் இரவு பதினொரு மணிக்கும் வானம் முழுதாக இருட்டாது. சந்திக்க வருபவன் இருட்டை நம்பி வர முடியாது. டிசம்பரில் பகலே ஆறேழு மணி நேரந்தான். மிட்ஜ் என்ற பொடிக் கொசுவை மறந்துவிடாதீர்கள். காற்று அசையாத கோடை மாலையில் ஏரிக்கரையில் இரண்டு பேர் மெய்ம்மறந்து முத்தமிட்டுக்கொண்டிருக்க முடியாது, மேகம்போல வந்து மொய்த்துவிடும். பீட் என்ற சதுப்புநிலக் கரி புகையும் வீட்டுக்குள் ஓடுவார்கள். அது இன்னும் நல்ல காட்சி.

நாயகி இருக்கும் இடத்துக்கு இன்னொரு காட்சி தருகிறேன். தறியிலிருந்து எடுத்த கம்பளியை இறுக்க வேண்டும். ஒரு நீளப் பலகையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். துணி பழைய சிறுநீரில் ஊறியது, சாயம் பிடிப்பதற்கும் எண்ணெய்ப் பசை போவதற்கும். நாற்றம் முதலில் மூக்கைப் பிடுங்கும், பிறகு பழகிவிடும். துணியைப் பலகையில் அடித்து வலமாகத் தள்ள, ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பல்லவி பாடுவார்கள். ஆண்களுக்கு அங்கே வேலை இல்லை. வேலை முடிந்து துணியைச் சுருட்டித் தட்டும்போது கைத்தட்டுப் பாட்டு வரும். அதில்தான் விளையாட்டே. கல்யாணமாகாத பெண் ஒவ்வொருத்திக்கும் ஊர் இளைஞன் ஒருவன் பெயரைக் கோத்துப் பாடுவார்கள். அவள் பாட்டிலேயே "அவன் வேண்டாம்" என்று தள்ளலாம், அல்லது ஏற்றுக்கொள்ளலாம். தள்ளாமல் ஒரு தட்டு தாமதித்தாலே ஊருக்குச் செய்தி போய்விடும். காதலை ஒரு பெண் மனதுக்குள் உணர்கிறாள் என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு தட்டுத் தாமதம் போதும்.

பேச்சுக்கு வருகிறேன். ஆங்கில நாவல்களில் ஹைலேண்டர்கள் "லாஸ்" என்று கொஞ்சுவார்கள். அது தாழ்நிலத்து ஸ்காட்ஸ் மொழி. மலைநாட்டான் பேசியது கேலிக். அதைத் தமிழில் காட்ட மதுரைப் பேச்சையோ நெல்லைப் பேச்சையோ அவன் வாயில் வைக்காதீர்கள். மலைக்குப் பதில் தாமிரபரணி தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக நம்மிடம் இருக்கும் ஒன்றைப் பயன்படுத்துங்கள். கேலிக்கில் "ஊ" என்றால் நீ, "ஷிவ்" என்றால் நீங்கள். ஆங்கிலம் இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டது; தமிழில் இது அப்படியே இருக்கிறது. அவள் அவனை எந்த அத்தியாயம் வரை நீங்கள் என்கிறாள், எந்த வாக்கியத்தில் நீ என்கிறாள் என்று முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெயரிலும் கவனம். ஹேமிஷ் என்று நாயகனுக்குப் பெயர் வைப்பவர்கள் அதிகம். பெயர் ஷேமஸ், கூப்பிடும்போதுதான் ஹேமிஷ். எட்டாம் வேற்றுமை! "முருகா வந்தான், முருகா உட்கார்ந்தான்" என்று எழுதுவதுபோல ஆகிறது. மாரி என்ற பெண்ணைக் கூப்பிட்டால் வாரி என்று ஒலிக்கும். இன்று இவை தனிப்பெயர்களாகவே வழங்குகின்றன, அதனால் குற்றம் இல்லை. ஆனால் ஊர் முழுக்க ஷேமஸ் என்று குறிப்பிடுபவனை அவள் வாய் மட்டும் ஹேமிஷ் என்று விளித்தால் தமிழ் வாசகர் உடனே பிடித்துக்கொள்வார்.

1603இல் அரசாணையால் பெயரே தடைசெய்யப்பட்ட மெக்ரெகர்களையும் ஒரு கண் பாருங்கள். இடையில் சில காலம் தளர்ந்து, மறுபடி வந்து, 1774இல்தான் அந்தத் தடை முற்றாக நீங்கியது. எந்தப் பெயரில் அவளுக்கு வாக்குக் கொடுப்பது என்றே தெரியாத நாயகன்.

கேட்டது முறை என்பதால் நான் சொன்னதையெல்லாம் வைத்து ஒரு ஜோடியைக் கட்டிக் காட்டுகிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு 1785. கல்லோடனுக்குப் பிறகு ஆண்களுக்குத் தடைசெய்த மலைநாட்டு உடை, 1782இல் தடை நீங்கித் திரும்ப வந்திருக்கிறது. அதை நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பலருக்கு ஒழுங்காகக் கொசுவத் தெரியவில்லை. நாயகன் ஷேமஸ், டாக்ஸ்மன் ஒருவரின் இரண்டாவது மகன், முப்பது வயது. 1777, 78இல் லார்ட் மெக்லியோட் ஒரு ஹைலேண்டர் ரெஜிமென்ட் திரட்டினார். அவரே பதினெட்டு வயதில் இளவரசருக்காகப் போராடிப் பிடிபட்டு, மன்னிப்புப் பெற்று, ஸ்வீடன் படையில் காலம் தள்ளித் திரும்பியவர். இழந்த குடும்பச் சொத்தை மீட்க அரசனுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் இத்தனை ஆள் கொண்டுவந்தால் இந்தப் பதவி என்று கணக்கு. ஷேமஸ் தன் பள்ளத்தாக்கிலிருந்து இருபது பையன்களைக் கூட்டிப்போய் லெப்டினன்ட் ஆனான். பையனை அனுப்பும் வீட்டை நிலத்திலிருந்து வெளியேற்ற மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தே அழைத்துப்போனான். அதில் ஒருவன் அவனுடைய வளர்ப்புச் சகோதரன்.

கப்பல் 1780 ஜனவரியில் சென்னையில் கரை சேர்ந்தது. இங்கேதான் நம் மண் வருகிறது, இழுத்து ஒட்டியது அல்ல. அந்த ரெஜிமென்டின் இரண்டு கம்பெனிகள் 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு படைகளிடம் அழிந்தன. உயிரோடு பிடிபட்டவர்களில் பலர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784 வரை விலங்கில் கிடந்தார்கள். ஷேமஸ் அவர்களில் ஒருவன். வளர்ப்புச் சகோதரன் புள்ளலூர்ப் பனைமரங்களுக்கு அடியில் கிடக்கிறான்.

நாயகி மாரி, அந்தச் சகோதரனின் தங்கை, இருபத்தாறு வயது. அண்ணன் போன பிறகு நிலத்தை அவள்தான் பார்க்கிறாள். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஷேமஸ் கொடுத்த வாக்கை அவனுடைய அண்ணன், இப்போதைய டாக்ஸ்மன், மதிக்கவில்லை. வாடகையை ஏற்றியிருக்கிறான், செம்மறி ஆட்டுக்காரர்களுக்கு நிலத்தைக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறான். மாரியிடம் இருபது வீட்டுப் பெயரும் மனப்பாடம், யார் வீட்டுக்கு என்ன வாக்கு என்பதோடு. அவளுக்கும் ஒரு கடன்: பத்தொன்பது வீட்டாரும் அவளைத்தான் கேட்கிறார்கள்.

ஷேமஸ் வருகிறான். கணுக்காலில் விலங்குத் தழும்பு. கன்னத்துத் தழும்பை நீங்கள் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம், எனக்குக் கணுக்கால் போதும், நடை கொஞ்சம் மாறியிருக்கும். நேராக அவள் வீட்டுக்குப் போகத் துணிச்சல் இல்லை. கம்பளி தட்டும் கொட்டகைக்கு வெளியே பாட்டுச் சத்தம் கேட்டு நிற்கிறான். உள்ளே கைத்தட்டுப் பாட்டு தொடங்கிவிட்டது. வந்தவன் வெளியே நிற்பது தெரியாமல், ஊருக்கு வந்திருக்கும் லெப்டினன்ட் பெயரை ஒரு கிழவி குறும்பாக மாரிக்குக் கோத்துவிடுகிறாள். எல்லோரும் கை தட்டத் தொடங்குகிறார்கள். மாரி கை தூக்கவில்லை. பாட்டு நிற்கிறது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கதவு வெளிச்சத்தில் ஒரு நிழல். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். டாக்ஸ்மன் வீட்டுப் பிள்ளையைச் சிறு வயதிலிருந்து ஷிவ் என்று மட்டுமே அழைத்த வாய்.

"இருபது பேரைக் கூட்டிப்போனாய். எண்ணிச் சொல், எத்தனை பேரைக் கொண்டுவந்தாய்?"

அந்தக் கேள்விக்கு அவன் எண்ணைச் சொல்லாமல் பெயர்களைச் சொல்லத் தொடங்கலாம். பதினாறாவது பெயர் அவளுடைய அண்ணனுடையது. அது வரும் என்று இருவருக்கும் தெரியும். உங்கள் முதல் அத்தியாயத்தை அங்கே நிறுத்துங்கள். ஆறரை அடி உயரத்தை இரண்டாவது அத்தியாயத்தில் சொல்லிக்கொள்ளலாம்.